தாயத்தைக் கண்டுபிடித்த கம்ப்யூட்டர்

மாரியம்மன் துணை

அன்புத் தம்பி ஒச்சப்பனுக்கு, குந்தாவிலிருந்து அக்கா பேச்சி எழுதுவது. இங்கே மழை, குளிர், உன் மச்சானின் முணுமுணுப்பு மூன்றுக்கும் குறைவில்லை. அங்கே நீயும் சசிகலாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அம்மனை வேண்டுகிறேன்.

உன் மச்சானுக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரில் மாற்றுகிறார்கள். பதறாதே, நெஞ்சைப் பிளக்கவில்லை, தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வை ஏற்றுவார்களாம். எனக்குப் பயமே இல்லை. நீ லீவு போட்டு வரவேண்டாம்.

முதலில் இவர் சம்மதிக்கவே இல்லை. டாக்டர் ஆதித்யா, "எந்த அளவு வால்வு, எந்த வழின்னு ஸ்கேன் படத்தப் பாத்து கம்ப்யூட்டரே அளந்து சொல்லுமுங்க, ஏஐ" என்றதும், பவர் ஹவுஸில் முப்பத்தொரு வருஷம் இருந்த மனுஷன், "மீட்டர் முள்ளு பொய் சொல்லுமுங்க. நான் மிசின்ல காத வெச்சுக் கேட்டுத்தான் வேலை பாத்தேன். எனக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்தேவிட்டார். விடுவேனா? என் நோட்டை நீட்டினேன். ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு அறுபத்திரண்டு படி. தை மாதம் மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நின்றார், ஆவணியில் ஏழு இடத்தில், எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. "ஏம்புள்ள, என்னய வேவு பாத்தியா?" என்றார். டாக்டரோ பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போகாமல் மளிகைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கற்றவளின் கையெழுத்து, தம்பி, இன்று பெரிய டாக்டர் போனில் இருக்கிறது!

சரி, ஸ்கேன் மட்டும் என்று ஒத்துக்கொண்டார். உலோகம் கூடாது என்று வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள். உயிரோடிருக்கும் மனுஷனுக்கு வெற்று இடுப்பா? மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் பைஜாமாவின் நாடாவைக் கட்டிவிடும்போது அம்மனின் செம்புத் தாயத்தையும் சேர்த்து முடிந்துவிட்டேன். அவருக்கே தெரியாது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். திரையில் இதயம் பூசணிப்பிஞ்சு போலச் சுழன்றது, வால்வுக்கு இருபத்தாறாம் அளவு என்று வந்திருந்தது. ஆனால் இடுப்புக்கு வந்ததும் படமெல்லாம் வெள்ளைக் கீற்று. கம்ப்யூட்டர் அங்கே சிவப்புக் கட்டம் போட்டு, அளக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. "ஏனுங்கம்மா, இது என்னங்க?" என்றார் டாக்டர். அம்மனை நினைத்து உண்மையைச் சொன்னேன். இன்னொரு மருந்தூசி போட்டு மறுபடி படம் எடுக்கவேண்டியதாயிற்று. டாக்டர் திட்டியது நியாயம்தான், வாங்கிக்கொண்டேன்.

உன் மச்சான் திட்டவில்லை. மூச்சு வாங்கச் சிரித்தார். "முப்பத்தெட்டு வருசமா இவ ஒளிச்சு வெச்சதுல ஒண்ணக்கூட நான் கண்டுபிடிச்சதில்லீங்க. இது கண்டுபிடிச்சிருச்சே! இத நம்பலாம். எங்க கையெழுத்துப் போடோணும்?"

"அது அளந்தத நானும் அளந்து பாத்துட்டுத்தான் புது வால்வத் தேர்ந்தெடுப்பனுங்க" என்றார் டாக்டர்.

"பாருங்க. அதுக்கு முன்னால இவ மடியப் பாருங்க."

எப்படியோ, கையெழுத்து வாங்கிக் கொடுத்தது உன் அக்கா. எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக்கும் சொல்லியாயிற்று. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், சசிகலாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
அக்கா பேச்சி

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் உன் மச்சான் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் குளிக்கப் போனார். எனக்குப் பயம், தம்பி. ஆபரேஷன் அறை வாசலில் தனியாக உட்கார என்னால் ஆகாது. வியாழக்கிழமையே வந்துவிடு. கேட்டால், நானாகத்தான் வந்தேன் என்று சொல்.