தொட்டுவிட்டு ஓடும் வேட்பாளர்

ஆட்டக்களத்திலிருந்து நேராக மேடைக்கு ஏறுகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் ஊருக்கும் வந்திருப்பார். மூட்டுத் தேய்ந்துவிட்டது, இனி ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொல்வார்; அடுத்த வாரமே ஊர்ச் சுவரிலெல்லாம் தொடையைத் தட்டிக்கொண்டு நிற்பார், கட்சிக்குப் பெயர் வைத்திருப்பார், மாநிலம் முழுக்க ஆள் நிறுத்தியிருப்பார், முதலமைச்சர் நாற்காலியைத் தவிர வேறெதிலும் உட்காரச் சம்மதிக்க மாட்டார். ஏன்? கேப்டனாகவே இருந்து பழகிவிட்டதாம்.

நம் சிவசங்கர் இந்த ரகத்தில் முதல் தரம். தொழில்முறைக் கபடியில் பத்து வருடம் ரெய்டு போனவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரணிக்குள் நுழைவது, யாரையாவது தொடுவது, அவர்கள் பிடிப்பதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்புவது. வேறென்ன தெரியும்? வேறென்ன தெரிய வேண்டும்? மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்டால், "மடக்கிடுவோம்." விவசாயத்தைப் பற்றிக் கேட்டால், "தூக்கிடுவோம்." கூட்டணியைப் பற்றிக் கேட்டால் தொடையில் ஒரு தட்டு.

பிரசாரத்தின் கடைசி வாரம். சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கிய பெண்கள் கூட்டத்துக்குள் புகுந்தார். கை, கை, கை. தொட்டதெல்லாம் பாயிண்ட். அப்போது மாடத்தி என்ற பெண் அவர் நீட்டிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, செத்த நில்லுங்க. எங்க ஓட்டெல்லாம் தென்காசிப் பக்கம்லா இருக்கு. முந்தின நாளும் லீவு குடுத்தாத்தான் ஊரு போய்ச் சேர முடியும். கம்பெனியில ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ஆஸ்டல்ல நானூறு பேரு இருக்கோம். அங்க நிக்குற உங்க ஆளுக்குத்தான் போடுவோம்."

சிவசங்கருக்கு ஒரு சொல்லும் காதில் விழவில்லை. பிடி மட்டும்தான் தெரிந்தது. பத்து வருடப் பழக்கம் விடுமா? உடம்பை முறுக்கினார், குனிந்தார், கையை உருவினார், குறுக்கே நின்றவர்களுக்கு நடுவில் பாய்ந்துபோய்ப் பிரசார வேனைத் தொட்டார். பிறகு ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். தொண்டர்கள் விசிலடித்தார்கள்.

"இன்னாய்யா பண்ண?" என்றாள் வட்டாரப் பொறுப்பாளர் மரகதம். "அந்தப் பொண்ணு பேசிகினு கீது, நீ பாட்டுக்கு எகிறி ஓடியாந்துட்ட?"

"ரெண்டு கையால புடிச்சாளேக்கா! மாட்டுனனா பாத்தியா?"

"மாட்டியிருந்தா நானூறு ஓட்டுய்யா!"

"அதெல்லாம் தொட்டாச்சுக்கா. வண்டிய எடு."

தேர்தல் நாளன்று மாடத்தியும் தோழிகளும் விடுதி மொட்டைமாடியில் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தென்காசிப் பக்கம் அவர் ஆள் நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றார். "தெற்கு நம்மைக் கைவிட்டுவிட்டது" என்று சிவசங்கர் நிருபர்களிடம் வருத்தப்பட்டார். அடுத்த கேள்வி வருவதற்குள் காரில் ஏறிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தேர்தலில் நிற்கும் உத்தேசம் உங்களுக்கு இல்லை. ஆனால் நேற்று உங்கள் வீட்டில் ஒருவர், "ஒரு விஷயம் சொல்லணும்" என்று பக்கத்தில் வந்தபோது, "அப்புறம் பேசிக்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினீர்களே, அப்போது உங்கள் முகத்தில் என்ன ஒரு வெற்றிக்களை!