மேல் வீட்டுச் சத்தத்துக்கு ஒரு வரைபடம்

"எங்கடா படம்?" என்று சர்வேயர் மேசையில் ஓங்கித் தட்டினார். கேள்வி கம்ப்யூட்டருக்கு.

அடுத்தவர் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுக்கிற மனிதர். அவர் தலைக்கு மேலேயே ஒரு குடும்பம் டிரெட்மில் வாங்கிப் போட்டு, மாலை ஏழு மணியானால் தடதடவென்று ஓடுகிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளரோ, "வாயால சொன்னா எப்படி சார்? ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ஆதாரம் கொண்டாங்க. நிரூபிச்சீங்கன்னா மெஷினை எடுக்கச் சொல்றேன். இல்லேன்னா எல்லார் முன்னாடியும் நீங்க மன்னிப்புக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். மன்னிப்பாம்! அடி வாங்கினவனே மன்னிப்பும் கேட்க வேண்டுமாம்!

போன வாரமே பழைய செல்போன் ஒன்றைக் கூடத்து அலமாரி மேல் வைத்தாயிற்று. நிமிஷத்துக்கு ஒரு தடவை சத்தத்தை அளந்து அது எழுதிக்கொண்டே இருக்கிறது. அதை வரைபடமாக்க, திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் ஏழு மணிக்கு அதே கூடத்தில் புரோகிராம் எழுத உட்கார்ந்தார். படம் வரைவதற்கென்றே யாரோ எழுதி வைத்த புரோகிராம் லைப்ரரி ஒன்றையும் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டார். புரோகிராம் தப்பில்லாமல் ஓடி முடிந்தது. திரையில் ஒன்றுமில்லை.

"என்னங்க ஆச்சு?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வரைஞ்சிடுச்சாம்! காட்டுன்னு தனியா ஒரு வரி எழுதினாத்தான் காட்டுமாம்! சமைச்சவங்க பரிமாற மாட்டாங்களா? என்ன அநியாயம் இது!"

செவ்வாய்க்கிழமை அந்த வரியை எழுதினார். படம் வந்தது. இடது பக்க அளவுக்கோட்டில் அடியில் 38, அதற்கு மேல் 71, அதற்கும் மேல் 40. எண்களை எழுத்து என்று நினைத்து, வந்த வரிசையிலேயே அடுக்கி வைத்திருந்தது.

"எழுபத்தொண்ணை விட நாப்பது பெருசா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கூடச் சிரிக்குமே!" மேசையில் விழுந்த குத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டு ஓடியது.

புதன்கிழமை எண்கள் எண்களாயின. 'மேல் வீட்டு அராஜகம்' என்று தமிழில் தலைப்பு வைத்தார். வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது.

"தமிழ் தெரியாதாம் இதுக்கு! துரைக்கு எழுத்துரு வாங்கிக் கொடுக்கணுமாம்!"

வாங்கிக் கொடுத்தார். வியாழனும் வெள்ளியும், பழைய படத்தை அழிக்காமல் அதன் மேலேயே புதுசை வரைந்தது. சனிக்கிழமை ஒருவழியாக எல்லாம் சரியாகி, படத்தைச் சேமித்துத் திறந்து பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். திரையில் காட்டுவதற்கு முன்பே சேமித்திருக்க வேண்டுமாம்.

"அடப்பாவி! நாளைக்குக் கூட்டம்டா! என் மானம் போகுதுடா!"

மனைவிக்கே பாவமாகிவிட்டது. "விட்டுடுங்களேன். இந்த வாரம் மேல சத்தமே எனக்குக் கேக்கல."

"உனக்கு எது கேட்டிருக்கு? நான் கூப்பிட்டாலே கேக்காது!"

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், பளிச்சென்ற வரைபடம் ஆளுக்கொரு பிரதி. சர்வேயர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"போன வாரம் பாருங்க, சின்னச் சின்ன மேடு. இந்த வாரம் தினமும் ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் மலை! நான் அளக்கிறேன்னு தெரிஞ்சதும் வேணும்னே கூட்டிட்டாங்க!"

செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அக்கிரமம்தான் சார். நேத்து கோடு எங்கேயோ போயிருக்கே! மனுஷன் குடியிருக்க முடியுமா இதுல? எங்கே அந்த மேல் வீட்டுக்காரர்? ஏன் வரல?"

"எப்படி வருவார்? பயம்!" என்றார் சர்வேயர்.

நாற்காலி எடுத்துப் போட வந்த வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "அவங்க ஊர்லயே இல்லீங்களே சார். கீழ் வீட்டுல யாரோ ஏழு மணியானா வெறி பிடிச்ச மாதிரி கத்துறாங்க, குழந்தை பயந்து அழுவுதுன்னு சொல்லிட்டு, புதன்கிழமை காலையிலேயே வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க."