வாயில் பஞ்சு, கிளையில் மாங்குயில்

"இந்த வருஷம் ஒரு பறவையையாவது முழுசாப் படம் பிடிக்கலேன்னா, இந்தக் கேமராவைக் கிணத்துல போட்டுடறேன்!" என்று பல் டாக்டர் சாப்பாட்டு மேஜையைத் தட்டிச் சொன்னார்.

"நம்ம வீட்டுல ஏதுங்க கிணறு?" என்றாள் மனைவி.

"அப்படின்னா பரண்ல போட்டுடறேன்."

"பரண்ல உங்க வயலின் இருக்கு. அதுக்குப் பக்கத்துல மீன் தொட்டி. அதுக்குள்ள குத்துச்சண்டைக் கையுறை. இடமே இல்லை."

சபதம் செய்ய ஒரு வீட்டில் குறைந்தபட்ச வசதியாவது வேண்டும். அதுகூட இல்லாத வீட்டில் வாழ்கிறோமே என்று அவர் பெருமூச்சு விட்டார்.

அந்த ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப் பற்கள் அவர் கையால் விடைபெற்றவை. வயதாகி, கிளினிக்கை மூடி, பெயர்ப்பலகையைக் கழற்றிக் கார் ஷெட்டுச் சுவரில் சாத்திவைத்த நாளிலிருந்து வீட்டுக்குள் ஒரு வெறுமை வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. அத்தனை காலமும் அவர் "அசையாதீங்க" என்றால் அசையாமல் இருக்க எதிரில் யாராவது ஒருவர் இருந்தார். இப்போது மனைவி மட்டும்தான். அவளிடம் அப்படிச் சொல்லும் தைரியம் கல்யாணமான முதல் வாரத்திலேயே போய்விட்டது.

ஆகவே, பறவைகள்.

முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வந்தது. அதைத் தாங்க முக்காலி வந்தது. இலைநிறத்தில் சட்டை, இலைநிறத்தில் தொப்பி. "காய்கறிக் கூடைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கீங்க" என்று மனைவி பாராட்டினாள். விடியும் முன்னே ஏரிக்கரைக்கும் புதர்க்காட்டுக்கும் போனார். சேறும் சிராய்ப்புமாகத் திரும்பினார். படங்களும் கொண்டுவந்தார். மீன்கொத்தி உட்கார்ந்திருந்த கிளை. கொண்டலாத்தி புறப்பட்டுப் போன கிளை. பெயர் தெரியாத ஏதோ ஒன்று வருவதாக இருந்து வராமல் போன கிளை. ஒரே ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு வால் நுனி. அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினார். வீட்டுக்கு வந்தவர்கள் ஒட்டடை என்று துடைக்கப் போனார்கள்.

இதற்கிடையில் பறவைச் சங்கத்துச் செயலாளர் போனில் கூப்பிட்டார். "டாக்டர், இந்த வருஷக் கண்காட்சிக்கும் கிளைதான் அனுப்புவீங்களா? முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா மரஞ்செடிகளுக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிச்சுடலாம்."

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதைதான் குத்தியது. மேஜை அடி வாங்கியதும் அதனால்தான்.

சபதத்துக்கு அடுத்த வேலை, குற்றவாளியைக் கண்டுபிடிப்பது. அது சுலபமாக முடிந்தது. சமையலறையில் ஒருத்திதான் இருந்தாள்.

"எல்லாம் உன் சத்தத்தாலதான்."

"ஏரிக்கரை வரைக்குமா என் சத்தம் கேக்குது?"

"ஏரிக்கரையை விடு. நம்ம தோட்டத்துக்கே மாங்குயில் வருது. நான் கேமராவைத் தூக்கினா போயிடுது. உள்ளே நீ மிக்சியை ஓட்டறே."

மாங்குயில் வருவது உண்மைதான். கொய்யா மரத்தில், காலை வெயிலில் ஒரு துண்டு தனியே பிரிந்து இலைக்குள் ஒளிந்துகொண்டதுபோல ஒரு மஞ்சள். கண்ணோரம் மை தீற்றிய கோடு. மரத்தடித் திட்டில் அவள் தினமும் நறுக்கி வைக்கும் பழத்தைத் தின்ன வரும். அவள் ஏதாவது ஊர்க்கதை சொல்லிக்கொண்டே பழம் வைப்பாள். அதுவும் கழுத்தைச் சாய்த்துக் கேட்கும். இவர் தலை தெரிந்தால் கதை பாதியில் நிற்கும்.

மறுநாள் முதல் வீட்டில் மௌனச் சட்டம் அமலுக்கு வந்தது. அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். மிக்சி ஓடவில்லை, குக்கர் விசிலடிக்கவில்லை. ஆகவே சமையலும் இல்லை. தட்டில் வெறும் ரொட்டி வந்தது.

"டோஸ்ட்டாவது பண்ணக் கூடாதா?"

"டோஸ்டர் டொக்குன்னு குதிக்குங்க."

"வெண்ணெய்?"

"பிரிட்ஜ் கதவு கிறீச்சுங்கும்."

இத்தனை தியாகத்துக்குப் பிறகும் மாங்குயில் பறந்துதான் போனது.

அவளுக்கும் ஒரு கவலை இருந்தது. அவளுடைய அக்கா. கணவர் போன பிறகு எங்கோ ஒரு மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். போனில் பேசும்போது அக்கா சிரிப்பாள், ஆனால் போனை வைக்கத்தான் மனம் வராது. அவளைக் கூட்டிவந்து கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டருக்கு அக்காவிடம் எந்த வருத்தமும் இல்லை. அவருடைய ஜோக்குகளுக்குச் சிரிக்கும் ஒரே ஆள் அவள்தான். சிக்கல், அக்காவுக்குத் துணையாக இருந்த பூனை.

"பறவைக்காரன் வீட்டுல பூனையா? தீயணைப்பு நிலையத்துல பட்டாசுக் கடை வைக்கிற மாதிரி இருக்கு."

"அது பாவம், கிழப்பூனை. வாயில பல்லே இல்லை."

"பல் இல்லாதவங்களை எனக்குத் தெரியாதா? அவங்கதான் ரொம்ப ஆபத்தானவங்க. கண்காட்சி முடியட்டும், பேசிக்கலாம்."

போன தடவை, மழை முடியட்டும் என்றார். அதற்கு முன்னால், குஞ்சு பொரிக்கும் காலம் முடியட்டும் என்றார்.

அன்று அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? பறவை என்னால பறக்கல. நீங்க பேசறீங்க, அதான் பறக்குது."

"நானா? நான் மூச்சே விடறதில்லை!"

"நாளைக்கு ஏரிக்கு நானும் வரேன்."

வந்தாள். கரையோரக் கம்பத்தில் ஒரு மீன்கொத்தி, நீலமாக, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் குனிந்து ஒரு கண்ணை மூடினார். அவர் வாய் தானாகத் திறந்தது.

"ஆ... காட்டுங்க... இன்னும் கொஞ்சம்... வலிக்காது... அவ்வளவுதான்..."

மீன்கொத்தி ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. இடுக்கியைக் கண்ட நோயாளியாகப் பறந்துவிட்டது.

"இப்ப வலிக்காதுன்னு சொன்னது யாரு?"

"யாரு?"

"இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். எனக்கு எங்கேயும் வலிக்கலை."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த பறவைக்கு அவள் போனில் பதிவு செய்து ஓடவிட்டாள். அவர் குரல்தான். நடுங்கி வந்தவர்களை எல்லாம் நாற்காலியில் அமர்த்திய அதே இதமான, பொய் சொல்லும் குரல். டாக்டர் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது உனக்கு எப்பவோ தெரியுமா?"

"தோட்டத்துல பேசறது சமையலறை ஜன்னல்ல கேக்குமே."

"அப்ப ஏண்டி சொல்லலை?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கிளினிக்கை மூடினதுக்கப்புறம் அந்தக் குரலே கேக்கலை. திரும்பக் கேட்டதும் நல்லா இருந்தது. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

 அவர் லென்ஸ் மூடியை எடுத்து மாட்டினார்.

"சரி, வாயை எப்படி மூடறது?"

"உங்ககிட்ட வந்தவங்க வாயையெல்லாம் எதை வச்சு அடைச்சீங்க?"

பஞ்சுருளைகள்! கார் ஷெட்டில், பெயர்ப்பலகைக்குப் பின்னால், ஒரு பெட்டி நிறைய மிச்சம் இருந்தது.

மறுநாள் இருட்டு விலகும் முன்பே தோட்டத்தில் மறைவுக்காக அடித்திருந்த கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். இரண்டு கன்னத்திலும் பஞ்சு, நாக்குக்கு அடியிலும் பஞ்சு. தேர்தலில் ஜெயித்தவர் முகம்போல உப்பியிருந்தது. வெயில் ஏறிய பிறகு மனைவி வந்து, பழத்தை வைத்துவிட்டு, கூடாரத்துக்குள் அவர் பக்கத்தில் சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் புருவத்தால் அதட்டினார்.

"என் குரல் அதுக்குப் பழக்கம்தான். நீங்க அசையாதீங்க" என்றாள்.

மாங்குயில் வந்தது. முதலில் மேல் கிளை, பிறகு நடுக் கிளை, பிறகு கண்ணுக்கு நேரே தாழ்ந்த கிளை. டாக்டருடைய வாய் "ஆ" என்றது. பஞ்சு அதை விழுங்கிக்கொண்டது. பறவை அசையவில்லை. இத்தனை அருகில் அதன் கழுத்துத் துடிப்புகூடத் தெரிந்தது. ஆனால் ஓர் இலை குறுக்கே நின்றது. பறவை ஒரே ஓர் அடி நகர வேண்டும்.

"ஏங்க" என்றாள் மனைவி மெல்ல. "அக்காவைக் கூப்பிட்டுக்கலாமா?"

அவர் கண்ணை மட்டும் உருட்டினார்.

"கொஞ்ச நாளைக்கில்லை. நம்மளோடவே இருக்கட்டும். பூனையும்தான்."

டாக்டருடைய காது சிவந்தது. பறவை ஓர் அடி நகர்ந்தது.

"வேண்டாம்னா பஞ்சை எடுத்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் வற்புறுத்தவே மாட்டேன். சொல்லலேன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்."

அவர் கை வாயை நோக்கிப் பாதி தூரம் எழுந்தது. அந்த நொடியில் மாங்குயில் தலையை நிமிர்த்தி, அலகை அகலத் திறந்து, குழலில் நீர் நிறைவதுபோலப் பாடியது. கை திரும்பிப் போய் பொத்தானை அழுத்தியது.

மாங்குயில் பாடி முடித்து, பழத்தில் ஒரு வாய் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் பஞ்சைத் துப்பினார்.

"அநியாயம்! வாயை அடைச்சுட்டுக் கேள்வி கேக்கறதா?"

"'பக்கத்துப் பல்லையும் எடுத்துடலாமா'ன்னு நீங்க கேப்பீங்களே, அப்ப அவங்க வாயில என்ன இருந்தது?"

"பஞ்சு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"எடுத்துட்டேன்" என்றார் டாக்டர், சுருதி இறங்கி.

கேமராத் திரையைப் பார்த்தார். முழுப் பறவை. கால் நகத்திலிருந்து வால் நுனி வரை. அதன் அலகு, அவர் வாழ்நாள் முழுதும் ஊராரைக் கேட்டு அரைகுறையாகவே பெற்ற அந்த "ஆ"வை முழுமையாகக் காட்டிக்கொண்டிருந்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மனைவியிடம் நீட்டினார். அவள் பார்த்தாள், வெகுநேரம்.

"உள்நாக்குகூடத் தெரியுதுங்க" என்றாள்.

அதற்குமேல் ஒரு மனிதன் எப்படிக் கஞ்சனாக இருக்க முடியும்? அவர் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, நெஞ்சை நிமிர்த்தி, தோட்டமே அதிரும்படி அறிவித்தார்: "சரி, போ! உங்க அக்காவை வரச் சொல்லு! நானே ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிட்டு வரேன்!"

"மெதுவாப் பேசுங்க."

"பறவைதான் போயிடுச்சே, இனிமே எதுக்கு மெதுவா?"

"அக்கா உள்ளே தூங்கறாங்க. விடிகாலை ரயில்ல வந்தது, பாவம் அலுப்பு."

அவர் வீட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "பூனை?" என்றார், காற்றாக.

"அதுவும் தூங்குது. உங்க தலையணையில."