இணைப்பு: பல் தெரிய எடுத்த படம் ஒன்று

அன்புத் தங்கச்சிக்கு,

சைக்கிள் கடை அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் கடையும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று போனில் நீ, "பல்லுக்குக் கிளிப் போட டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன் அண்ணா, ஆனா போகப் போறதில்ல. தலைமை ஆசிரியை வாயில கம்பியோட மேடையில நின்னா பிள்ளைங்க சிரிக்காதா? வலி வேற பயங்கரமா இருக்குமாமே?" என்று கேட்டாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளிப் போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. நான் போட்டேன், கழற்றினேன், இப்போது என் பல்வரிசையை ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். அத்தாட்சியாக ஒரு படமும் இணைத்திருக்கிறேன்.

நம் அப்பா நமக்கு நிலம் நீச்சு எதுவும் வைக்கவில்லை. பல்லைத்தான் பங்கு வைத்தார், அதுவும் கொஞ்சமும் ஓரவஞ்சனை இல்லாமல். சின்ன வயதில் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். எனக்கு அதில் கூடுதல் தண்டனை. கடையில் யாராவது வேடிக்கையாகப் பேசினால் கிரீஸ் கையோடு வாயைப் பொத்துவேன், அன்று முழுக்க மூக்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை. நான் மீசை வைத்ததே அந்தக் கறையை மறைக்கத்தான். நீ தலைமை ஆசிரியை ஆன அன்று எடுத்த படத்தில் பூங்கொத்தை மூக்கு வரை தூக்கிப் பிடித்திருக்கிறாய். மற்றவர்கள் நீ வாசனை பிடிப்பதாக நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாதா? அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் உழைத்து வாங்கிய பதவி, படத்தில் பாதி முகத்தைக் காணோம். அதனால்தான் சொல்கிறேன், அந்த டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதே.

வெட்கத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். வெட்கம் முதல் நாள் மட்டும்தான். கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் என்னைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பைகள். வரவேற்பில் இருந்த பெண், "பேஷண்ட் ஸ்கூல் விட்டு வந்துட்டாங்களா சார்?" என்றாள். நான்தான் பேஷண்ட் என்றேன். அவள் என் தலையில் இருந்த நரையையும் சீட்டில் இருந்த வயதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். உள்ளே டாக்டரம்மா, பல்லில் ஒட்டும் குட்டிப் பட்டன்களுக்கு மேலே போட ரப்பர் வளையங்கள் இருக்கும் ஒரு தட்டை நீட்டி, எந்த நிறம் வேண்டும் என்று கேட்டார். இத்தனை நிறமா என்று மலைத்துப்போய், நம் கடை போர்டின் நிறம் என்பதால் பச்சையைக் காட்டினேன். அங்கேதான் சின்னத் தவறு நடந்தது. அடுத்த ஒரு மாதம் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கள் பல்லைத் தொட்டுக் காட்டி ஜாடை செய்தார்கள். ஒருத்தர் மட்டும் வெளிப்படையாக, "கீரை ஒட்டியிருக்கு பாருங்க" என்றார். ஆகவே நீ பச்சை மட்டும் எடுக்காதே, மற்றபடி வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

அடுத்தது வலி. வலி என்று எதுவும் கிடையாது. முதல் சில நாள் பல்லெல்லாம் கூசும், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தின்றேன், உன் அண்ணி எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினேன், அவள் "கல்யாணம் ஆனதுலேருந்து இப்படி ஒரு நிம்மதியைக் கண்டதில்ல" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பிறகு கம்பியின் முனை கன்னத்தில் லேசாகக் குத்தியது. அதற்கு டாக்டரம்மா ஒரு வெள்ளை மெழுகு கொடுத்திருந்தார், பட்டாணி அளவு உருட்டி முனையில் ஒட்ட வேண்டும். இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்து, கடையில் இருந்த வால்வு டியூபில் ஒரு நறுக்கு வெட்டி முனையில் மாட்டிக்கொண்டேன். காற்றே புகாத ரப்பர், கன்னத்தையா குத்த விடும்? அருமையாக இருந்தது. எதைத் தின்றாலும் சைக்கிள் டியூபைத் தின்பது போலிருந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. அடுத்த முறை டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். "சார், இது என்னது?" "வால்வு டியூப் டாக்டரம்மா. புதுசுதான்." அவர் முகமூடி போட்டிருந்ததால் சிரித்தாரா முறைத்தாரா என்று தெரியவில்லை. நீ மெழுகையே வைத்துக்கொள்.

கடினமானதைக் கடிக்கக் கூடாது என்பார்கள். கேட்டுக்கொள். நான் கேட்டேன், ஒரே ஒரு நாள் தவிர. பக்கத்துக் கடைக்காரர் வறுத்த வேர்க்கடலை கொடுத்தார், அன்பாகக் கொடுப்பதை எப்படித் தட்டுவது, ஒன்றைக் கடித்தேன், டிக் என்று ஒரு சத்தம், பல்லில் இருந்த பட்டன் ஒன்று தெறித்து எதிரே இருந்த பால்ஸ் தட்டில் விழுந்தது. பால்ஸ் உனக்குத் தெரியும், சக்கரத்துக்கு நடுவே போடும் குட்டி இரும்பு உருண்டைகள், தட்டு நிறைய கிரீஸில் கிடக்கும். காந்தத்தை வைத்துத் தேடினேன், தட்டு மொத்தமும் காந்தத்தோடு எழுந்து வந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்து, நம் கடையில் பால்ஸ் மாற்றிக்கொண்டு போன வக்கீல் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னய்யா, பின் சக்கரம் எதையோ மென்னு தின்கிற மாதிரி சத்தம் போடுது?" பிரித்துப் பார்த்தால் உருண்டைகளுக்கு நடுவே என் பல்லின் பட்டன், பச்சை வளையத்தோடு. "தூசி சார்" என்று சொல்லி ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதைக் கழுவித் துடைத்து டாக்டரம்மாவிடம் பெருமையாக நீட்டினேன். அவர் அதை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டு வேறு ஒன்றை ஒட்டினார்.

இனி சொல்லப்போவதை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. முன்பல் ஒன்று மட்டும் அடம்பிடித்து இடது பக்கம் சாய்ந்தே நின்றது. டாக்டரம்மாவோ மாதத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன முறுக்கு முறுக்கிவிட்டுப் போகச் சொல்கிறார். நான் எத்தனை கோணல் சக்கரத்துக்குப் பெண்டு எடுத்தவன்! சக்கரம் இடது பக்கம் இழுத்தால் வலது பக்கக் கம்பியை இறுக்க வேண்டும், இது பாலபாடம். கூர்முனைக் குறடை எடுத்தேன், ஒரு சைக்கிளின் பின்பார்வைக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன், ஒரே ஒரு கால் சுற்று. கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் அந்தப் பல் பக்கத்துப் பல்லை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது, கம்பியும் ஒரு முனையில் கழன்று தொங்கியது. டாக்டரம்மா அன்று முகமூடியைக் கழற்றிவிட்டே பேசினார். "சக்கரத்துல கம்பியை இறுக்கினா உடனே நேராகும் சார். பல்லு எலும்புக்குள்ள நிக்குது. ஒரு பக்கம் எலும்பு கரையணும், இன்னொரு பக்கம் வளரணும். நான் முறுக்கறது கொஞ்சம், காத்திருக்கறதுதான் அதிகம். உங்க கடையில கஸ்டமர் ஸ்பேனரைத் தொட்டா விடுவீங்களா?" விடமாட்டேன். ‘கருவிகளைத் தொடாதீர்கள்’ என்று போர்டே வைத்திருக்கிறேன். அந்தக் கால் சுற்றுக்குச் சில மாதம் கூடுதலாகக் கம்பியோடு இருந்தேன், அதுவும் நல்லதுதான், பழகிவிட்டது.

சுத்தம் முக்கியம். சாப்பிட்ட பிறகெல்லாம் துலக்கு, இடுக்கில் விட்டுத் தேய்க்க ஒரு குட்டி பிரஷ் தருவார்கள். அது சைக்கிள் செயினுக்கும் பிரமாதமாக உதவுகிறது என்பதால் கடைக்கும் சில வாங்கிப் போட்டேன். இரண்டையும் ஒரே டம்ளரில் வைக்காதே. கிளிப்பைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்றும் நினைக்காதே. "பல்லுக்குப் பழைய இடம் ஞாபகம் இருக்கும் சார், விட்டா திரும்பிப் போயிடும்" என்று டாக்டரம்மா எச்சரித்துத் தூங்கும்போது போட ஒரு கண்ணாடி மாதிரியான உறை கொடுத்திருக்கிறார். ஒழுங்காகப் போடுகிறேன்.

பிள்ளைகள் சிரிப்பார்களா என்று கேட்டாய். முதல் நாள் சிரிக்கும். அதில் பாதிப் பிள்ளைகள் வாயிலேயே கம்பி இருக்கும், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கும். தங்கள் தலைமை ஆசிரியையே கம்பியோடு மேடையில் பேசுவதைப் பார்த்தால் அவர்களும் வாயைத் திறப்பார்கள். யோசித்துப் பார்.

இவ்வளவு சொல்லியும் நம்பிக்கை வராவிட்டால் இந்தப் படத்தைப் பார். கழற்றிய கையோடு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தது. உன் அண்ணி கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வால்வு டியூப் கதையைப் போட்டோக்காரருக்குச் சொல்ல, எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அவரும் சட்டென்று எடுத்துவிட்டு, "ரொம்ப இயல்பா வந்திருக்கு சார்" என்றார். கவர் இன்றுதான் வந்தது. இன்னும் பிரிக்கவில்லை, பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது, சிரித்தவன் நான்தானே.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள், இப்போது கம்பி குத்தாது என்று சொல். உன் அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். நீ நன்றாக இருக்க வேண்டும், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்புள்ள
அண்ணன்

பின்குறிப்பு: கடிதத்தோடு வைப்பதற்காகக் கவரைப் பிரித்தேன். படத்தில் என் கை இருக்கிறது. உள்ளங்கை வாயை முழுசாகப் பொத்தியிருக்கிறது, விரலுக்கு மேலே இரண்டு கண் சிரிக்கிறது, விரலிலெல்லாம் கிரீஸ் வேறு. ஒரு பல்கூடத் தெரியவில்லை. பொத்தினேன் என்பதே எனக்குத் தெரியாது. உன் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லை நிமித்தியாச்சு, கையை யாரு நிமித்தறது?" என்றாள். பல்லுக்குப் பழைய இடம் ஞாபகம் இருக்கும் என்ற டாக்டரம்மா கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஆகவே மேலே அத்தாட்சி என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கிளிப் போட்டுக்கொள், அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் பல் நேராகட்டும் என்று காத்திருக்காதே. இந்த வாரமே கிளம்பி வா. ஸ்டுடியோவில் உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன், என் கையை நீ பிடித்துக்கொள். ஒரு கை போதாது, ஆளுக்கு இரண்டு கையையும் சொல்கிறேன். உன் அண்ணி அந்த வால்வு டியூப் கதையை முதலிலிருந்து சொல்லட்டும்.