கூலிங் அக்கா மூடியின்மேல் உட்கார்ந்த கதை

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனையோ கம்பெனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிய சேஃப்டி ஆபீசர் ஒருவர் சுற்றிக்கொண்டிருப்பார். அத்தனை பேரும் ஒன்றாகத் திரண்டு வந்தாலும் படப்பையில் எங்கள் ஹவுஸ் ஓனர் வீட்டு ஃப்ரீசருக்குள் ஒரு பன்னீர் சோடா பாட்டிலை வைத்திருக்க முடியாது. கூலிங் அக்கா விட்டிருக்க மாட்டார்.

அவருக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கீழ்த்தளத்தில் ஹவுஸ் ஓனரான அக்காவும், கம்பெனி பஸ் ஓட்டுகிற அவர் கணவர் டிரைவர் அண்ணனும் இருந்தார்கள். மாடி அறைகளில் தெற்கத்திப் பையன்கள். நான் விருதுநகர், பக்கத்து அறை ஜெபா தூத்துக்குடி. எல்லோரும் ஷிப்ட், ஓ.டி. என்று ஓடிக்கொண்டிருந்தோம்.

பஜாரில் ஓர் ஐஸ்கிரீம் கடையை மூடினார்கள். அவர்களிடமிருந்து அக்கா ஒரு ஃப்ரீசரை வாங்கிவிட்டார். பெட்டி மாதிரி நீளமாக இருக்கும், மூடி மேல்பக்கம் திறக்கும் ரகம். அதைக் குட்டி யானை வண்டியில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். நாங்கள் ஆறு பேர் பிடித்து இறக்கினோம். வந்த சந்தோஷத்தில் பெரிய டப்பாவாக ஐஸ்கிரீம் வாங்கி வந்து, அக்கா சுவிட்சைப் போடட்டும் என்று சுற்றி நின்றோம். அக்கா போடவில்லை.

“படுக்க வெச்சு எடுத்தாந்துக்கீறானுங்க. உள்ள கீற ஆயிலு கீழ எறங்க வேணாமா? சாயங்காலம் வரிக்கும் எவனும் சுவிட்ச் பக்கம் போவக் கூடாது.”

சாயங்காலம் ஐஸ்கிரீமை டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். முதல் டம்ளர் அக்காவுக்குத்தான்.

அதை எங்கே வைப்பது என்பதில் அடுத்த ரகளை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாம் என்று நான் சொன்னதற்கு, வீட்டைக் கொளுத்தப் பார்க்கிறாயா என்று கேட்டார். எலக்ட்ரீசியனை வரவழைத்து, எர்த் ஒயரோடு தனி பிளக் பாயிண்ட் போட வைத்தார். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே காற்று போக இடம் விட்டு அளந்து பார்த்தால், ஹாலில் டிரைவர் அண்ணனின் கட்டில் இடித்தது. கட்டில் அன்றைக்கே வெளி வராந்தாவுக்குப் போனது. இயந்திரம் என்றால் காற்றோட்டம் வேண்டும் என்றார் அக்கா. அண்ணனுக்கும் நல்ல காற்றோட்டம் கிடைத்தது, கொசுவோடு.

அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் குழம்புகளுக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. ஆனால் உள்ளே நுழைவது விசா வாங்குகிற மாதிரி. ஊரிலிருந்து வந்ததைச் சூடுபண்ணி அப்படியே சுடச்சுடக் கொண்டுவந்தால் பாத்திரத்தின் அடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆறிய பிறகு, ஒரு வேளைக்கு ஆகிற அளவில் சின்னச் சின்ன டப்பாவாகப் பிரித்துத் தர வேண்டும். டப்பா மேல் என்ன குழம்பு, யாருடையது, என்றைக்குச் செய்தது என்று ஒட்டியிருக்க வேண்டும். ‘மட்டன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்த ஒரு மதுரைக்காரனிடம், ஆட்டுக்குப் பிறந்தநாள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சமைத்த நாளாவது தெரியுமா என்று விசாரித்தார்.

மாதம் ஒருமுறை மூடியின் ரப்பருக்குப் பரீட்சை நடக்கும். பழைய பஸ் டிக்கெட்டை மூடி இடுக்கில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் முகம் மலரும். நழுவி வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பிறகு சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் ரப்பரைத் துடைப்பார்.

ஜெபா ஒருநாள் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, பன்னீர் சோடாவை அவசரமாகக் குளிர வைக்கலாம் என்று கண்ணாடி பாட்டிலோடு உள்ளே வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். குளித்துவிட்டு அப்படியே தூங்கியும் போனான். உள்ளே பாட்டில் வெடித்த சத்தத்தில், வராந்தாவில் படுத்திருந்த அண்ணன் பஸ் டயர் வெடித்ததாக நினைத்து பிரேக்கை மிதித்தார். கட்டிலில் ஏது பிரேக், சுவரில்தான் கால் பட்டது. கண்ணாடித் துகள் தெறித்த பக்கம் இருந்த பொட்டலங்களை எல்லாம் அக்கா வெளியே எறிந்தார். அதில் அவருடைய இறாலும் இருந்தது. ஜெபாவை அவர் திட்டவே இல்லை. இறால் போன குப்பைத் தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்றான் ஜெபா.

டிரைவர் அண்ணனும் தப்பவில்லை. பனியில் ஒட்டிக்கொண்ட கோழிப் பொட்டலத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பப் போனவரை அக்கா கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். உள்சுவரில் ஓடுகிற குழாய் கிழிந்தால் கேஸ் போய்விடும், பெட்டி செத்துவிடும் என்று வராந்தா அதிர விளக்கினார். ஐஸை எடுக்க ஒரே வழிதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து, தானாக உருகும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவார். உள்ளே இருப்பதை அதற்குள் தின்று தீர்த்தாக வேண்டும் என்பதால் அது எங்களுக்குத் தீபாவளி. விருதுநகர்க் கறி, தூத்துக்குடி மீன், மதுரைக் கோலா உருண்டை எல்லாம் ஒரே பாயில்.

இப்படி இருக்கும்போதுதான் ஜெபாவின் கல்யாணப் பேச்சு வந்தது. கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் வேலை பார்த்த கவிதா, பக்கத்துக் கிராமத்துப் பெண். இரண்டு வீட்டிலும் முதலில் முகத்தைத் திருப்பினார்கள். அப்புறம் கவிதாவின் அப்பா கொஞ்சம் இறங்கி வந்து, ஞாயிறு மத்தியானம் பையன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசலாம் என்றார். சாப்பாடு அக்கா வீட்டில். ஜெபாவின் அப்பா மீனவர். தானே பிடித்த சீலா மீனைப் பெட்டியில் ஐஸ் போட்டு பஸ்ஸில் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். இங்கே வஞ்சிரம் என்கிறோமே, அதுதான். சம்பந்திக்கு அந்த மீனைத்தான் பரிமாற வேண்டும் என்று உத்தரவு.

வெள்ளிக்கிழமை காலையில் புயல் மழை கொட்டியது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் டப்பென்று வெடித்துப் புகைந்தது. தண்ணீர் வடிந்தால்தான் கை வைக்க முடியும் என்று லைன்மேன் சொல்லிவிட்டுப் போனார்.

ஜெபா மாடியிலிருந்து நாலு படியை ஒரே தாவலாகத் தாண்டி வந்தான். அதற்குள் அக்கா ஃப்ரீசரின்மேல் ஜமக்காளம், போர்வை, பழைய மெத்தை எல்லாம் போட்டு, உச்சியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

“யக்கா, ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துக்கிடுதேன். மீனு எப்படி இருக்குன்னு தெரியணும்லா?”

“நீ பாத்தா அது நல்லா ஆயிடுமா? தொறந்தா கூலிங் போவும். கம்முனு மேல போ.”

புயல் சேதி வந்த உடனேயே, உள்ளே காலியாக இருந்த இடத்தில் எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில்களில் கழுத்துவரை மட்டும் தண்ணீர் நிரப்பி உறைய வைத்திருந்தார் அக்கா. பெட்டி நெருக்கமாக நிறைந்திருந்தால் குளிர் சீக்கிரம் போகாது என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு குறை. மூடியின் ஒரு மூலையில் ரப்பர் தளர்ந்திருந்தது, சொல்லி வைத்த புது ரப்பர் இன்னும் வரவில்லை. அக்கா சரியாக அந்த மூலையில் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாடு அங்கேயே. வெங்காயம் உரித்தது அங்கேயே. மாடிப் பையன்களின் பக்கெட் தகராறுக்குத் தீர்ப்புச் சொன்னதும் அங்கிருந்துதான். ராத்திரி படுக்கையும் அதன்மேல்தான். கீழே இறங்கியே ஆக வேண்டிய நேரத்தில் டிரைவர் அண்ணனை ஏற்றிவிட்டார். ஏற இறங்கப் பார்த்தார், திருப்தி இல்லை.

“இந்த ஆளு மட்டும் பத்தாது. நீயும் ஏறு.”

அப்படித்தான் நானும் அண்ணனும் ஒரு ஃப்ரீசர்மேல் தோளோடு தோள் உட்கார்ந்தோம். அண்ணன் அதிகம் பேசாதவர். அன்றைக்கு, எதற்கு இந்தப் பெட்டியை வாங்கினாள் தெரியுமா என்று அவராகவே ஆரம்பித்தார்.

“உங்க ரூம்ல முன்ன ஒரு பையன் இருந்தான். அவங்க அம்மா குடுத்தனுப்புன கொழம்பு கெட்டுப் போயி, குப்பைல கொட்டிக்கினு நின்னு அழுதான். இவ பாத்துட்டா. அன்னிலருந்து ஒரே நச்சு, பொட்டி வாங்கணும்னு.”

அக்கா வருகிற சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் வந்தது. தெருவே கத்தியது. அக்கா மட்டும் நிதானமாக இறங்கி, மெத்தையை எடுத்து, மூடியைத் திறந்தார். எல்லோர் தலைகளும் ஒன்றாக உள்ளே குனிந்தன. சீலா மீனை எடுத்துத் தரையில் தட்டினார். செங்கல் மாதிரி சத்தம் வந்தது. ஜெபா அதை வாங்கித் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தான். மேல் அடுக்கில், தளர்ந்த மூலைக்குப் பக்கத்தில் இருந்த அக்காவின் சொந்த மட்டன் மட்டும் கரைந்து, தொட்டால் குளிரே இல்லாமல் கிடந்தது. மறுபடி உறைய வைத்தால் என்ன என்று அண்ணன் ஆசையாகக் கேட்டார். கெட்டதை ஐஸ் நல்லதாக்காது என்று சொல்லி அதைக் கொட்டிவிட்டு வந்தார்.

ஞாயிறு மத்தியானம் கவிதாவின் அப்பா மூன்றாவது துண்டு மீனைக் கேட்டு வாங்கினார். நான்காவதில் கல்யாணத் தேதியைப் பற்றிப் பேச்செடுத்தார். ஜெபாவின் அப்பா, மீன் காலையில் கரையேறின மாதிரி இருக்கிறதே என்று அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா அதைக் கவனிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் இப்போது மறைமலை நகரில் குடியிருக்கிறேன். இங்கே கரண்ட் போனதாகக் கேள்விப்பட்டால் போதும், படப்பையிலிருந்து போன் வந்துவிடும். ஃப்ரீசரைத் திறக்காதே என்பார், சாப்பிட்டாயா என்பார், பசங்களுக்கு ஜுரம் விட்டதா என்பார், மறுபடியும் திறக்காதே என்பார். எங்கள் ஃப்ரீசரில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. அதை நான் அக்காவிடம் சொன்னதில்லை. சொன்னால் போனை வைத்துவிடுவாரே.