தமிழ்வாணன் எண்ணெய்க்கசிவோடு பொருத வரலாறு

வாழ்க தமிழ்வாணன்! போர்ட் பிளேர் நகரின் டெய்ரி ஃபார்ம் பகுதி மேட்டுத்தெருக் கொற்றவன், அலுவலகக் கோப்புகளைக் கட்டியாளும் எழுத்தர் திலகம், ஸ்குரூ டிரைவரன்றி வேறு படைக்கலம் ஏந்தியறியாத பெருவீரன் வாழ்க! இருபது மழைக்காலம் கண்ட அவனது வெள்ளைக்கார் நின்ற இடமெல்லாம் கருங்குருதி சிந்தியபோது, "மெக்கானிக் எதற்கு? யாம் இருக்கிறோம்!" என்று அவன் முழங்கிய முழக்கத்தில் மதில்மேல் இருந்த மைனாக்கள் சிதறிப் பறந்தன.

காரியமோ சிறிதன்று. மனைவி ஜெயராணியின் தங்கை செல்லத்துக்கு ஞாயிறன்று வடக்கே நெடுந்தொலைவிலுள்ள ரங்கத் என்னும் ஊரில் வளைகாப்பு. இடையே பழங்குடியினர் வாழும் பெருங்காடு, போலீஸ் காவலோடு கான்வாயில் அணிவகுத்துச் செல்லும் வண்டி எதுவும் அங்கே நிற்கலாகாது. எண்ணெய் வற்றி எஞ்சின் இறுகினால், மச்சினி வீட்டில் அவன் மானமும் இறுகிவிடும்.

முதற்போரில், வண்டியடியில் அட்டை விரித்து, அரவணைப் பெருமாளெனப் பள்ளிகொண்டு, எண்ணெய்த்தொட்டியின் அடிப்போல்ட்டே பகைவன் எனத் தெளிந்து, மூச்சுமுட்ட முறுக்கினான். பகைவனோ அவன் நெற்றி நடுவே ஒரு சொட்டால் திலகமிட்டான். இரண்டாம் போரில், தொட்டி விளிம்பெங்கும் பசை பூசி, பூசியதில் பாதியைத் தன் மீசையிலும் தாங்கி, "ஒழிந்தது கசிவு!" என்று அறிவித்துச் சோறுண்ணப் போனான்.

"என்னங்க, இன்னும் சொட்டுது," என்றாள் ஜெயராணி வாசலில் நின்று. "கீழயே பாத்துட்டுக் கெடக்கீங்க. மேலருந்து வழியுதோ என்னவோ? மொதல்ல எல்லாத்தயும் சாஃப் பண்ணுங்க. அப்புறம் பவுடர் தூவிப் பாருங்க, எங்கருந்து வருதுன்னு தெரியும்."

சொல்லம்பு தைத்த நெஞ்சினனாய், எஞ்சினை மண்ணெண்ணெயால் துடைத்து, முகப்பவுடரை அள்ளித் தூவி உறுமவிட்டான். வெண்பனி போர்த்த அம்மலையின் உச்சியில், மேல்மூடியின் இடுக்கில், கருநிற அருவியொன்று பிறந்து, பக்கவாட்டில் தவழ்ந்து, தொட்டி விளிம்பில் தயங்கி, அங்கிருந்து சொட்டியது. கல்லாய்க் காய்ந்த ரப்பர் கேஸ்கட்! குற்றமற்ற அடிப்போல்ட்டிடம் வீரன் மனத்துள் மன்னிப்பு வேண்டினான்.

மெயின்லேண்டிலிருந்து புதிய கேஸ்கட், புயலுக்கு ஒதுங்கிய கப்பலேறி, ஆடி அசைந்து சனிக்கிழமை மாலை கரைசேர்ந்தது. பழையதைச் சுரண்டியெறிந்து, புதியதைப் பொருத்தி, எண்ணெயும் வார்த்து, கை ஓய்ந்துபோனதால் எஞ்சினை இயக்கிப் பார்க்காமலே, கீழே செய்தித்தாள் விரித்துக் காத்திருந்தான். ஒரு சொட்டில்லை. "பக்கா! இனி மூவுலகிலும் கசிவில்லை!" என்று முழங்கினான். ஜெயராணிகூடச் சிரித்துவிட்டாள். மாலையெல்லாம் குனிந்து கிடந்த முதுகின் நோவு அந்தச் சிரிப்பில் பறந்தது.

ஞாயிறு விடியலில், மடியில் வளையல் பெட்டியோடு அவள் வீற்றிருக்க, தேர் புறப்பட்டது. தெருமுனை தாண்டுமுன், வேள்விப்புகை போலொரு புகை எழுந்து ஊரை மறைத்தது. பானட்டைத் திறந்தால், எஞ்சின் முழுவதும் எண்ணெயபிஷேகம். எண்ணெய் வார்க்கும் வாய் வானம்பார்த்துத் திறந்து கிடந்தது.

"இதோட மூடி எங்கங்க?"

கழற்றி வைத்த மூடி, பேட்டரிமேல் பத்திரமாக அமர்ந்திருந்தது. காற்றின் மைந்தனையும் கடல்தெய்வங்களையும் சாட்சிக்கழைத்து ஏதோ உரைக்க வாய்திறந்த வீரன், அவள் முகம் பார்த்து மூடிக்கொண்டான்.

ரங்கத்துக்கு பஸ்ஸில் போனார்கள்.