ஆமென் சொன்ன வாய்

ஆலயத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி கேட்டாள்.

“இன்னிக்குப் பிரசங்கம் எப்படி?”

“அருமை.”

“எதைப் பத்தி?”

“ஆண்டவரைப் பத்தி.”

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

நடந்தது இதுதான். நான் சிலுவையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். சிலுவை மாட்டியிருந்த ஆணி கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆணியிலிருந்து என் வீட்டுச் சுத்தியலுக்குப் போனேன். சுத்தியலிலிருந்து அதை இரவல் வாங்கிப்போன பிளம்பருக்குப் போனேன். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். எனக்கு முன் பெஞ்சில் கண்மூடி உருகிக்கொண்டிருந்தார். என் சுத்தியலை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனால் எப்படி உருக முடிகிறது என்று யோசித்து முடிப்பதற்குள் ஆசீர்வாதம் சொல்லி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள்.

நான் வெளிநாட்டில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவன். இரண்டு மொழிகளில் படித்தவன். மொழிபெயர்ப்பு என் தொழில். என் மனம் இரண்டு மொழிகளிலும் அலைகிறது.

இனி விடுவதில்லை என்று அன்றைக்கே தீர்மானம் செய்தேன். எங்கள் வீட்டில் சாயங்காலக் குடும்ப ஜெபத்தை ஏறெடுப்பவள் மனைவி. அவள் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் ஓர் ஆமென் சொல்வது. மனம் எங்கே மேயப் போனாலும் ஆமென் கயிறு போட்டு இழுத்து வந்துவிடும்.

இழுத்தும் வந்தது, கொஞ்ச நாள். பிறகு வாய்க்குப் பழகிவிட்டது. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் ஆமென் தானாக விழுந்தது. மனம் முன்னைவிட நிம்மதியாக ஊர் சுற்றக் கிளம்பியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தான் வாய் இருக்கிறதே.

ஒருநாள் காலையில் என் மேஜைமேல் ஒரு பெயிண்ட் டப்பா உட்கார்ந்திருந்தது.

“இது என்ன?”

“சமையலறைக்குப் பெயிண்ட். நீங்க அடிக்கறீங்க.”

“நான் எப்பச் சொன்னேன்?”

“நேத்து ஜெபத்துல. ‘சமையலறைச் சுவருக்கு வர்ணம் பூச உமது அடியானுக்குப் பெலன் தாரும்’னேன். ஆமென்னு சொன்னீங்க. நல்லா கணீர்னு.”

“அது ஏதோ நினைப்புல சொல்லியிருப்பேன்.”

“ஜெபத்துல என்னங்க வேற நினைப்பு?”

பெயிண்ட் அடித்தேன்.

பிரஷ்ஷைக் கழுவும்போதுதான் பெரிய அபாயம் உறைத்தது. என் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். தையல் மெஷின் சமையலறையை ஒட்டிய இருட்டு மூலையில் கிடக்கிறது. ஊசியில் நூல் கோக்கப் பகலிலேயே விளக்குப் போடவேண்டும். அதனால் தெருவைப் பார்த்த என் ஜன்னல் அறைமேல் அவளுக்கு ரொம்ப நாளாகக் கண்.

“அங்க உக்காந்து நீங்க எழுதறதைவிட வேடிக்கை பாக்கறதுதான் ஜாஸ்தி.”

“அது சிந்தனை.”

“சிந்தனைக்கு எதுக்குங்க ஜன்னல்?”

இன்னும் ஓர் அசட்டு ஆமென், அறை போய்விடும். அன்றிலிருந்து ஒப்பந்தப் பத்திரத்தை மொழிபெயர்ப்பவன்போல அவள் ஜெபத்தைக் கேட்கத் தொடங்கினேன். ஒவ்வொரு சொல்லையும் தடவிப் பார்த்த பிறகுதான் ஆமென். ‘வெளிச்சம்’ என்று ஆரம்பித்தாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் உலகத்தின் ஒளியைப் பற்றித்தான் சொல்லியிருப்பாள். இருந்தாலும்.

“என்னங்க, இப்பல்லாம் ஆமென் லேட்டா வருது?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“யோசிங்க, யோசிங்க. எனக்கு அவசரம் இல்ல.”

அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் ஒழுகுகிற குழாயைப் பார்க்க பிளம்பர் வந்தார், என் சுத்தியலோடு. குழாய் சரியானதும் ஜெபத்துக்கும் இருந்துகொண்டார். மனைவி ஆரம்பித்தாள். நல்ல மழைக்காக நன்றி. பரிசோதித்தேன், ஆமென். சபையில் சுகமில்லாதவர்களுக்காக விண்ணப்பம். ஆமென். அப்புறம் அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

“ஆண்டவரே, தூர தேசத்தில் தனியாயிருந்தவரை என் வாசலுக்குத் திரும்பக் கொண்டுவந்தீர். அடுத்த அறையிலிருந்து இவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கிறதே, அதற்காக உமக்கு ஸ்தோத்திரம்.”

இருமலுக்கு ஒருத்தி நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெளியூர் அறைகளில் நான் இருமியதெல்லாம் யாருக்கும் கேட்டதில்லை. மனத்தில் ஆணி இல்லை, காலடியில் கிடந்த சுத்தியல்கூட இல்லை. நானும் நன்றி சொன்னேன். இரண்டு மொழியிலும் இல்லாமல், சொல்லே இல்லாமல். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அவள் குரல் நின்றது மட்டும் காதில் விழுந்தது. மனம் நிறைந்து, வாய் நிறைய ஆமென் சொன்னேன். பிளம்பரும் சொன்னார்.

கண்ணைத் திறந்தால், அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, மேஜையை அப்படியே தூக்கிடலாமா, காலைக் கழட்டணுமா?”

“எந்த மேஜை?”

“ஜன்னல் ரூம் மேஜைதான். இப்பத்தானே அக்காவுக்குச் சந்தோஷமா விட்டுக்குடுத்தீங்க. நான் சாட்சி.”

“எனக்கு அது காதுலயே விழல. நான் நெஜமாவே ஜெபத்துல இருந்தேன்.”

“தெரியுங்க,” என்றாள் மனைவி. “அதுக்காகத்தான் இத்தனை நாளாக் காத்துட்டிருந்தேன்.”

“அப்ப அந்த இருமல் விஷயம்?”

“அது ஆண்டவர்கிட்ட சொன்னது. உங்ககிட்ட சொன்னது மேஜை விஷயம் மட்டுந்தான். அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிங்க.”

பிடித்தேன். கால்கள் கதவில் இடித்தன. என் சுத்தியலாலேயே தட்டிக் கழற்றினோம்.

இப்போது ஜன்னல் அறையில் மெஷின் ஓடுகிறது. சில சமயம் அவள் பாடுவதும் கேட்கிறது. நான் இருட்டு மூலையில் இருக்கிறேன். டீ சூடாகக் கைக்கு வருகிறது, வேலையும் முன்னைவிட நடக்கிறது. நான் இருமினால் அங்கே மெஷின் ஒரு நொடி நிற்கிறது. தெரு இல்லை, வேடிக்கை இல்லை. எதிரே நான் பெயிண்ட் அடித்த சுவர் மட்டும். மனம் அலைய இடமே கிடையாது. மேல்மூலையில் பிரஷ் படாமல் விட்டுப்போன ஒரு திட்டைத் தவிர.

நேற்று ஜெபத்தில் அதற்கும் ஆமென் சொல்லிவிட்டேனாம்.